இரண்டு டின் கொலாஜனும் ஒரு பால்குடமும்

என் கொழுந்தனின் மனைவி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் மனைவி அக்கா, தம்பி மனைவி தங்கை. எங்கள் முறை அது. பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. முப்பது வருஷமாக அவள் 'வாங்கக்கா, போங்கக்கா' என்கிறாள், நான் வா போ என்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு அதை வைத்தே விளையாட ஆரம்பித்தேன். சொந்தக்காரர்கள் கூடும் எந்த விசேஷமானாலும், "பேருக்குத்தான் நான் அக்கா. மொகத்தப் பாருங்க, யாரு அக்கான்னு தெரியும்" என்பேன். கூட்டம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். கடைசியாகச் சொன்னது என் நாத்தனார் மகன் கல்யாணத்தில். அன்றைக்குப் பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பி அவளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு இப்படியெல்லாம் பேச வருகிறதே என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருஷத் தைப்பூசத்தில்தான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுக்கிறோம். ஐந்நூறுக்கும் மேலே படிகள். முன்பெல்லாம் பேசிக்கொண்டே ஏறியிருக்கிறோம். அந்த வருஷம் பாதி மலையில் என் முழங்கால் 'இதற்குமேல் முடியாது' என்று உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு மேலே போனார். நான் படியோரச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஐம்பத்து மூன்று வயதில் தோற்றுப்போனவளாக, வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நிற்காமல் ஏறினாள். நிற்காமல் இறங்கியும் வந்தாள். முகத்தில் வேர்வை இருந்தது, களைப்பு இல்லை. கன்னம் பளபளவென்று இருந்தது. கண்ணுக்குக் கீழே என்னிடம் இருக்கிற பை அவளிடம் இல்லை. என் பக்கத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ஒங்க தங்கச்சியாம்மா? பத்து வயசு வித்தியாசம் இருக்கும்போல?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நான் ஒரு வருஷம் மறக்கவில்லை.

நான் டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, புடவையைத் தோளில் போட்டு, பின்னால் நின்று மடிப்பைச் சரிசெய்து காட்ட வேண்டும். அவர்கள் புடவையைப் பார்ப்பார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேலே தெரிகிற என் முகத்தைப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை. அந்தத் தைப்பூசத்துக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அந்தப் 'பத்து வயசு' என் காதில் விழுந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் போன் போட்டுக் கேட்டேவிட்டேன். "என்னாம்மா செய்யற மொகத்துக்கு? முட்டிவலியும் இல்லங்கற?"

"ஒண்ணும் இல்லக்கா. தண்ணி நெறைய குடிக்கறேன். அவ்ளோதான் லா."

நானும் குடித்தேன். இரண்டு மாதம் குடம் குடமாகக் குடித்தேன். கடையில் நான் கழிவறைக்குப் போய் வருவதைப் பார்த்து முதலாளி, "இனிப்பு நீர் இருக்கான்னு ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கவலையோடு விசாரித்ததுதான் மிச்சம். முகம் அதே முகம், முட்டி அதே முட்டி.

தீபாவளிக்கு சிம்பாங் அம்பாட்டில் அவள் வீட்டுக்குப் போனோம். ஹாலில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, தேத்தண்ணிக்குச் சீனி எடுக்க அடுப்படிக்குப் போனேன். மைலோ டின்னை நகர்த்தினால், பின்னால் சுவரோடு ஒட்டி இரண்டு டின்கள். ஒன்றில் கொலாஜன் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் கொலாஜன் பெப்டைட். முதல் டின்னில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. இரண்டாவது முக்கால்வாசி இருந்தது. இரண்டிலும் கரண்டி.

தண்ணியாம், தண்ணி! திருடிக்கு நெஞ்சு அடிப்பதுபோல் எனக்கு அடித்துக்கொண்டது, திருடியது அவள்தான் என்றாலும். கைப்பேசியை எடுத்து இரண்டையும் படம் பிடித்தேன். டின்களைப் பழையபடி வைத்து, மைலோவை முன்னால் நிறுத்தி, சீனியோடு வெளியே வந்தேன். அவள் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "நீ என்னமோ கொடுத்து வெச்சவம்மா" என்றேன். அவள் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

மறுநாளே, நான் காய்கறி வாங்குகிற ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் பக்கத்திலிருக்கும் பார்மசியில் போய்ப் படத்தைக் காட்டினேன். அதே கம்பெனி இல்லை, அதே சாமான் வேறு கம்பெனியில் இருக்கிறது என்று கல்லாவில் இருந்த பெண் இரண்டு டின்களை எடுத்து வைத்தாள். விலையைக் கேட்டதும் ஒரு நிமிஷம் முட்டிவலிகூட மறந்துபோனது. வாங்கினேன். ஹலால் முத்திரை இருந்தது. அதற்குமேல் சின்ன எழுத்தில் இருந்ததைப் படிக்கக் கண்ணாடி கொண்டு போகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு படிக்கத் தோன்றவில்லை.

கைப்பேசியில் கொஞ்சம் படித்தேன். கொலாஜன் என்பது நம் தோலிலும் எலும்பிலும் மூட்டிலும் இருக்கிற புரதமாம், வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகுமாம். பெப்டைட் என்பதைப் பற்றிப் படிக்கும்போது குக்கர் விசில் அடித்துவிட்டது. அதனால் மீதியை நானே முடிவு செய்துகொண்டேன்: கொலாஜன் சாமான், பெப்டைட் அதை உள்ளே ஏற்றிக்கொண்டு போகிற லாரி. இரண்டையும் சேர்ப்பதில்தான் அவள் ரகசியமே இருக்கிறது. கெட்டிக்காரி.

தினமும் காலையில் இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். பெரிதாக ருசி ஒன்றும் கிடையாது. லேசாக ஒரு வாடை அடிக்கும். வீட்டுக்காரர் கேட்டதற்குச் சத்துமாவு என்றேன். அவர் கொஞ்சம் கேட்டார், பொம்பளைகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு தைப்பூச விரதம் வந்தது. ஒரு மண்டலம் சைவம். நான் விரதத்தில் கண்டிப்பானவள். முட்டையைத் தூக்கிக் கீழ்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஐஸ் பெட்டியை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்து, மீன் சமைத்த சட்டியை மூட்டை கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவேன். வெளியே தண்ணீர்கூட யோசித்துத்தான் குடிப்பேன். ஆனால் அந்த இரண்டு டின்னும் மேசைமேல் அப்படியே இருந்தன. அது மருந்துதானே?

விரதம் பாதியில் இருக்கும்போது ஒருநாள் எங்கள் பிளாட்டில் லிப்ட் கெட்டுப்போனது. பாசார் பையோடு ஆறு மாடி ஏறினேன். நாலாவது மாடியில் வழக்கமாக நான் பிடித்துக்கொண்டு நிற்கிற கம்பியைப் பிடிக்காமலே கடந்துவிட்டேன் என்பது வீட்டு வாசலில் வந்துதான் உறைத்தது. சந்தோஷத்தில் கதவைத் திறக்காமல் இன்னும் இரண்டு படி ஏறிப் பார்த்தேன். வலித்தது, ஆனால் பழைய வலி இல்லை.

அன்றைக்குச் சாமி படத்துக்கு முன்னால் நின்று மனதார வேண்டிக்கொண்டேன். முருகா, இந்த வருஷம் குடத்தோடு உச்சிப் படியில் நான் முதலில் நிற்கணும். அவள் எனக்குப் பின்னால் வரணும். பிள்ளை குட்டி, வீடு வாசல் எதையும் கேட்கவில்லை. இதை மட்டும்தான் கேட்டேன்.

டின்கள் தீரப்போகிற சமயம் மறுபடி பார்மசிக்குப் போனேன். இந்தத் தடவை மருந்தாளர் அம்மாவே நின்றாள், கண்ணாடி போட்ட சீனப் பெண். இரண்டிலும் ஒவ்வொன்று வேண்டும் என்றேன்.

"இரண்டு பேருக்கா, ஆன்ட்டி?" என்று மலாயில் கேட்டாள்.

"இல்லை, எனக்குத்தான். இரண்டையும் கலந்து குடிக்கிறேன்."

அவள் இரண்டு டின்களையும் திருப்பி, பின்பக்கத்தை என் பக்கம் வைத்தாள். இரண்டும் ஒரே சாமான்தான் என்றாள். கொலாஜனைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால் அதற்குப் பெயர்தான் பெப்டைட், டின்னில் விற்கிற தூள் அநேகமாக எல்லாமே அப்படி வெட்டியதுதான், ஒருவர் பெரிய எழுத்தில் போடுகிறார், இன்னொருவர் போடுவதில்லை. இரண்டைக் குடித்தால் இரட்டிப்பாக வேலை செய்யாது. சிலருக்கு மூட்டுவலி குறைகிறது என்கிறார்கள், சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை, முட்டியை ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது. நிதானமாகச் சொன்னாள். நான் லாரி கவிழ்ந்த துக்கத்தில் நின்றிருந்தேன்.

பிறகு என் நெற்றியில் இருந்த திருநீறைப் பார்த்தாள். ஏதோ தயங்கினாள். "ஆன்ட்டி, தைப்பூசத்துக்கு சாயூர் மட்டும்தானே சாப்பிடுவீர்கள்? இது காய்கறி இல்லையே. இது மீன் செதில். இது லெம்பு. மாட்டுத் தோல்."

மாடு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. விரதம் இல்லாத நாளிலேயே தொட்டதில்லை. நான் விரதத்திலேயே முப்பது நாளாகக் காலையில் குளித்து, திருநீறு பூசி, வெறும் வயிற்றில், சாமியைக் கும்பிட்ட கையோடு கரண்டி கரண்டியாகக் குடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. மிச்சமிருந்த தூளைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தொட்டியை மஞ்சள் போட்டுத் தேய்த்தேன். அப்புறம் என் வாயையும் தேய்த்தேன், பல் ஈறு எரியும்வரை. விரதம் போச்சு. குடத்தை இனி எந்தக் கையால் தூக்குவது? சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே நடுவில் அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

அவளும்தானே குடிக்கிறாள்!

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அது எவ்வளவு இனிப்பான விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில்தான் பால்குடச் செம்புகளைத் துலக்கப் போகிறோம். குடும்பமே இருக்கும். எல்லாருக்கும் நடுவில், ஒன்றும் தெரியாதவள் மாதிரி, 'ஏம்மா, அந்த டின் சைவம்தானா?' என்று கேட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை புளியும் சாம்பலுமாக இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து செம்பு தேய்த்தோம். அவளைக் கவனித்துப் பார்த்தேன். பளபளப்பு கொஞ்சம் மங்கியதுபோல் இருந்தது. எழுந்திருக்கும்போது தரையில் கை ஊன்றினாள். விரதக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஹாலில் எல்லாரும் வந்து சேர்ந்ததும் கேட்கலாம் என்று, அதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள அடுப்படிக்குள் போய் மைலோ டின்னை நகர்த்தினேன். பின்னால் ஒன்றும் இல்லை.

"என்னாக்கா தேடறீங்க?" அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"இல்ல... இங்க ஏதோ டின்னு இருந்துச்சே, தீவாளிக்கு."

அவள் முகம் சிவந்துபோனது. அலமாரிக்கு மேலே, உச்சியில், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியிருந்த மூட்டையைக் காட்டினாள். "அதாக்கா? கொலாஜன். நான் குடிச்சிக்கிட்டிருந்தேன். ஒண்ணு தீரப்போவுதேன்னு இன்னொண்ணு வாங்கி, அதையும் அவசரப்பட்டுத் தெறந்துட்டேன். அது மீனுல எடுக்கறதுக்கா. வெரதம் ஆரம்பிக்கற அன்னைக்கே கட்டி மேல போட்டுட்டேன்."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கத்தவும் முடியாது. இரண்டாவது டின் ரகசியமும் இல்லை, லாரியும் இல்லை. முதல் டின் தீரப்போகிறதென்று வாங்கியது. அவள் கண்ணாடி போட்டுப் பின்பக்கத்தைப் படித்திருக்கிறாள். மீனையே கட்டி மேலே போட்டிருக்கிறாள். நான் மாட்டைக் குடித்துவிட்டு அவளைக் கூட்டத்தில் நிறுத்த வந்திருக்கிறேன்.

"ஏன்க்கா கேட்டீங்க?"

"சும்மாதான்" என்றேன். மைலோ டின்னைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.

போகும்போது சொல்லிவிட்டேன், இந்த வருஷம் நான் குடம் எடுக்கவில்லை, முட்டிவலி என்று. என் வீட்டுக்காரர், "அன்னிக்கு ஆறு மாடி ஏறுனியே?" என்றார். முறைத்தேன், அடங்கிவிட்டார். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலப்படாதீங்கக்கா. ஒங்க வேண்டுதலையும் சேத்து நானே சொல்லிடறேன் மேல."

என் வேண்டுதல் என்னவென்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

தைப்பூசத்தன்று மலையடிவாரத் தண்ணீர்ப் பந்தலில், பைகளையும் அவள் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு நின்றேன். என் முட்டி நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. மஞ்சள் புடவையில் அவள் குடத்தோடு கூட்டத்தில் மறைந்ததைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. போன வருஷம் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

வந்தபோது கொழுந்தனின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தாள். வெயிலில் முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. ஒன்றரை மாதத்தில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டிருந்தது. கொழுந்தன் காரை எடுத்துவர என் வீட்டுக்காரரோடு போனார். பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி அவளைப் பார்த்துப் பதறி, ஒரு குவளை மோரை அவள் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒங்க அக்காவப் புடிச்சுக்கிடுங்கம்மா, விழுந்துரப் போறாங்க. நான் நாற்காலி கொண்டாறேன்."

ஒங்க அக்கா.

முப்பது வருஷம். எவனோ ஒருவன், எவளோ ஒருத்தி, நான் எடுத்துக் கொடுக்காமல் தானாகவே இதைச் சொல்ல வேண்டும் என்று எத்தனை தடவை ஆசைப்பட்டிருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், உள்ளே ஜிலுஜிலுவென்று இருந்தது. மோரைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு நொடி. அதற்குள் அவளைப் பார்த்துவிட்டேன்.

அவள் முந்தானையை இழுத்து முகத்தை மறைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களாக்கா," என்றாள், "குடிக்கலேன்னா இப்படித்தான்."

"வயசானா எல்லாருக்கும்தான். இதுக்குப் போயி..."

"இல்லக்கா. நாத்தனார் மகன் கல்யாணத்துல சொன்னீங்கல்ல, மொகத்தப் பாத்தா தெரியும்னு. பக்கத்து மேசையில இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போயி ரொம்ப நேரம் கண்ணாடியப் பாத்துக்கிட்டு நின்னேன்க்கா. அதுக்கு மறுவாரம்தான் டின்னு வாங்கினேன்." மூச்சு வாங்கினாள். "நான் ஒங்கள அக்கான்னு கூப்பிடறப்ப, கேக்கறவங்க யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. அதுக்குத்தான். ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது? தண்ணின்னு சொல்லிட்டேன்."

என் வாயிலிருந்து வந்த ஒரு விளையாட்டு. அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய், அதற்குப் பொருந்துகிற மாதிரி தன் முகத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறாள் இவள். நான் அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஒரு வருஷம் வெந்தேன்.

"நான் மாட்டக் குடிச்சுட்டேன்" என்றேன்.

"என்னாக்கா?"

சொன்னேன். டின்னைப் படம் பிடித்தது, கடை, இரண்டு கரண்டி, ஆறு மாடி, மாட்டுத் தோல், அன்றைக்கு அவளைக் கூட்டத்தில் கேட்க வந்தது, எல்லாம். கடைசியாக, முருகனிடம் நான் வேண்டிக்கொண்டது என்னவென்றும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. "அதையும் சேத்துத்தானேக்கா நான் மேல கேட்டுட்டு வந்தேன்," என்றாள், சிரிப்பில் மோர் சிந்தியது. "ஒங்க வேண்டுதல் எதுவோ, அத அப்படியே நடத்திக் குடுன்னு."

எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது. அந்த முட்டியோடு, தூள் இல்லாமல், உச்சிவரை ஏறி, எனக்காக இதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

மோர்க்கார அம்மா நாற்காலி கொண்டுவந்தார். கூட்டத்தில் ஒன்றுதான் கிடைத்ததாம். அவள் பழக்க தோஷத்தில் அதை என் பக்கம் தள்ளினாள். "உக்காருங்கக்கா, முட்டிவலின்னீங்களே."

நான் அவள் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினேன்.

"நீங்க உக்காருங்கக்கா" என்றேன்.

மோர்க்கார அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவள்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் தரையில் குந்தி, பையிலிருந்து தைலத்தை எடுத்து அவள் முட்டியில் தேய்க்க ஆரம்பித்தேன். எனக்கு முட்டி வலிக்கவே இல்லை.